பெயர் பிறகு சொல்லப்படும்

எரீ ஏரியிலிருந்து பனிக்காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் ஊரில் எல்லோரும் பேஸ்பாலை மறந்துவிடுவார்கள். ஹ்ருஸ்கா வீட்டுச் சமையலறையில் மட்டும் அப்போதுதான் அது சூடுபிடிக்கும். பந்து கிடையாது, மட்டை கிடையாது. அப்பாவும் மகளும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு, தங்கள் ஹெரன்ஸ் அணி யாரை விற்றது, யாரை வாங்கியது, யாரை வாங்காமல் கோட்டைவிட்டது என்று பனி உருகும் வரைக்கும் சண்டை போடுவார்கள்.

அப்பா எமில், இரும்புத் தாது வந்து இறங்கும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே மகள் பாலெட்டுக்கு நாற்பது வயதாகிவிட்டது. கட்டியவனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்து, இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அப்பா வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மா மார்லீன் அடுப்படியில் நின்று முட்டைக்கோஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டே, "ஆட்டமே இல்லாத மாசத்துல என்ன ஆட்டம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். சுவர்தான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மற்ற இருவருக்கும் காது கேட்காது.

அந்தச் சண்டைக்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அடுத்த அக்டோபரில் ஆட்டங்கள் முடியும்போது யார் சொன்னது சரி என்று தானே தெரிந்துவிடும். தோற்றவர், அந்தக் குளிர்காலத்தின் முதல் பனியை வாசற்படியிலிருந்து தெருவரை வாரித் தள்ள வேண்டும். ஜெயித்தவர் காபிக் கோப்பையோடு முன்ஜன்னலில் நின்று கிண்டல் செய்யலாம். செய்யலாம் என்ன, செய்தே ஆக வேண்டும்.

முதல் தடவை தோற்றபோது பாலெட் சின்னப் பெண். தன்னைவிட உயரமான மண்வாரியை இழுத்துக்கொண்டு பனியோடு மல்லுக்கட்டினாள். "சின்னப்புள்ளதானேங்க, பாவம்" என்று மார்லீன் கெஞ்சினாள். எமில் ஜன்னல் கண்ணாடியை மேலே தூக்கி, "அந்த மூலையில விட்டுட்ட பாரு" என்றார், அவ்வளவுதான். பாலெட் மூக்கைச் சிந்திக்கொண்டு மூலைக்குப் போனாள். மறுவருஷம் அவர் தோற்றார். அவள் முக்காலி போட்டு ஏறி நின்று, அதே வார்த்தையை அவருக்குத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், ஜெயித்த வருஷத்தில் கூட இருந்ததில்லை.

பாலெட்டுக்கு நாற்பது வயதான அந்த டிசம்பரில் ஒரு பேரம் நடந்தது. அணி முதலாளிகள் எல்லோரும் வருஷா வருஷம் ஏதோ ஒரு பெரிய ஹோட்டலில் கூடி, சுருட்டுப் புகைக்கு நடுவே ஆள் மாற்றிக்கொள்வார்கள். ஹெரன்ஸ், இடதுகையால் பந்து வீசும் தங்கள் பிட்சர் கெலாஹரை மேற்குக் கரை அணிக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஒகாண்டோ என்ற ஒல்லி இளைஞனையும், 'பெயர் பிறகு சொல்லப்படும்' ஆட்டக்காரர் ஒருவரையும் வாங்கியது. பேஸ்பாலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பேரம் இன்றைக்கே முடிந்துவிடும், கூட வரும் ஆள் யார் என்பதை மட்டும் அடுத்த ஜூனுக்குள் பார்த்துச் சொல்வார்கள்.

"தலையில மொளகா அரைச்சுட்டுப் போயிட்டாங்கப்பா," என்று கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள் பாலெட். "கெலாஹரைக் குடுத்துட்டு வாங்கினது யாரை? மட்டையைப் பிடிக்கவே தெரியாத ஒருத்தன். கூட பேரே இல்லாத ஒருத்தன்."

"பேரில்லாதவன்னு சொல்லாத. பேரு இன்னும் சொல்லாதவன். அதுலதான்டி விஷயமே இருக்கு."

"என்ன விஷயம்? மைதானத்துக்குத் தண்ணி ஊத்தற பையனா இருப்பான்."

"நீ கெலாஹரோட தோளைப் பாத்தியா? ஆகஸ்ட்டுல கையத் தூக்கறப்பல்லாம் மூஞ்சியச் சுளிச்சான். நான் பாத்தேன். இன்னும் ஒரு வருஷந்தான், அந்தத் தோள் போயிரும். கெட்டுப்போறதுக்கு முன்னாடி தள்ளிவிட்டுட்டாங்க. கெட்டிக்காரத்தனம்."

"உனக்குந்தான் இப்பல்லாம் மூஞ்சி சுளிக்குது. உன்னையும் தள்ளிவிட்டுரலாமா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

எமில் விலாவில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "எவன்டி வாங்குவான்?"

"பக்கத்து வீட்டு வர்ஜில் வாங்குவார். பழைய புல்லு வெட்டற மெஷின் ஒண்ணு தருவார். கூட ஒரு ஆளு. பேரு பிறகு சொல்வார்."

எமில் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பாலெட்டும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், அம்மாவின் முதுகைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

விஷயம் இதுதான். அந்த வாரம்தான் ஆஸ்பத்திரி நடைபாதையில் டாக்டர் தாயையும் மகளையும் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தார். எமிலுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்திருக்கிறது, கல்லீரலுக்கும் போய்விட்டது, வெட்டி எடுக்க முடியாது, வசந்தம் வரை தாங்கினால் பெரிது என்று. எமிலிடம் வயிற்றுப்புண் என்று சொல்லியிருந்தார்கள். "கிறிஸ்துமஸ் முடியட்டும்டி," என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் மார்லீன். கிறிஸ்துமஸ் முடிந்தது. மரத்தைக்கூட எடுத்துத் தெருவோரம் போட்டாயிற்று. யாரும் சொல்லவில்லை.

அதற்குள் ஹெரன்ஸ் அணி இன்னொரு காரியம் செய்தது. ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் கட்டுப்படாமல் நின்றிருந்த போமன் என்ற கிழட்டு ஆட்டக்காரனை அழைத்துச் சேர்த்துக்கொண்டது. அதற்கும் ஒரு ஞாயிறு போனது.

"அவன் முட்டி ரெண்டும் துருப்பிடிச்ச கதவு மாதிரிக் கத்தும்ப்பா."

"முட்டியாலயா பந்தை அடிக்கிறான்? கையால அடிக்கிறான்."

"அடிச்சுட்டு ஓட வேண்டாமா?"

"அவன் அடிக்கிற அடிக்கு நடந்து போனாப் போதும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் எமிலுக்கு மூச்சு வாங்கியது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு மாலை, மருந்துக்கடை வாசலில் காரை நிறுத்தியபோது மார்லீன் இறங்கவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரே ஒரு தடவை அவரை ஜெயிக்க விடேன். உனக்கு என்ன கொறஞ்சு போயிரும்?"

"அம்மா, அதுல அப்பிடி எல்லாம் கிடையாது."

"எனக்கு உங்க ஆட்டம் தெரியாது. அந்த மனுஷனைத் தெரியும். மூச்சு முட்ட முட்டக் கத்தறாரு. நீ சரின்னு சொல்லிட்டா நிம்மதியாச் சாஞ்சு உக்காருவாரு. அவ்வளவுதான் நான் கேக்கறது."

பாலெட்டுக்கு அது தப்பு என்று உள்ளே ஏதோ சொன்னது. ஆனால் அம்மா இறங்காமல் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றாள்.

அடுத்த ஞாயிறு எமில் அவளுக்காகவே காத்திருந்தார். சூப்பில் கரண்டியைக்கூட விடவில்லை. கெலாஹரின் தோளிலிருந்து ஆரம்பித்து, ஒகாண்டோவின் கால் வேகம், பெயர் தெரியாத அந்தப் பையன் என்று வரிசையாக வந்தார். "நல்லா யோசிச்சுப் பாரு. பேரு வந்தப்புறம் எம்முன்னாடி வந்து நிப்ப," என்று முடித்து, பதிலடிக்குத் தயாராகத் தாடையை முன்னால் நீட்டினார்.

பாலெட் ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னாள்: "யோசிச்சுப் பாத்தேன்ப்பா. நீ சொன்னதுதான் சரி. நல்ல பேரந்தான்."

எமிலின் தாடை அப்படியே நின்றது. பிறகு மெல்ல உள்ளே போனது. அவர் சாய்ந்து உட்காரவில்லை. மகளைப் பார்த்தார், அடுப்படியில் திரும்பாமல் நின்ற மனைவியைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"எந்த டாக்டர்?"

"பாலி." சின்ன வயதில் கூப்பிட்ட பெயர் அது. "ஒனக்குத் தட்டம்மை வந்து உடம்பு நெருப்பாக் கொதிச்சப்பக்கூட எங்கிட்ட நீ ஒத்துக்கல. புருஷன் வேண்டாம்னு பெட்டியத் தூக்கிட்டு வந்து இந்த வாசல்ல நின்னப்ப, அழுதுக்கிட்டேதான் அந்த மூணாவது பேஸ்காரனை வித்தது தப்புன்னு எங்கூட மல்லுக்கு நின்ன. இன்னிக்கு உக்காந்து ரொட்டியப் பிச்சுக்கிட்டே விட்டுக்குடுக்கற. என்ன சொன்னார்?"

சொன்னாள். நடைபாதையில் கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள். மார்லீன் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

எமில் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அவர் முகம் தலைகீழாகத் தெரிந்திருக்கும்.

"பேரு ஜூன்லதான் சொல்வாங்க, இல்ல?"

"ஆமாப்பா."

"அப்ப எனக்குத் தெரியாமலே போயிரும்."

அவர் குறைப்பட்டுக்கொண்டது அந்த ஒன்றுக்குத்தான். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டார்: "மார்லீன், நீயுமா?"

"கிறிஸ்துமஸ் முடியட்டும்னு நெனச்சேங்க."

"கிறிஸ்துமஸ் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

வெளியே பனி வாரும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தம் ஓய்ந்ததும் எமில் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தார். "சரி. சொன்னதைத் திருப்பி வாங்கு."

"அப்பா..."

"வாங்குடி. இந்த வீட்டுல பிச்சையா எனக்கு வெற்றி வேண்டாம். கெலாஹரை வித்தது ஏன் தப்பு? சொல்லு."

பாலெட் சொன்னாள். அவன் இடதுகை, அவன் வயசு, அவன் மாதிரி இன்னொருத்தன் கிடைக்க எத்தனை வருஷம் ஆகும் என்று சொன்னாள். கண்ணீர் சூப்புக் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அழறதெல்லாம் கணக்குல சேராது," என்றார் எமில். அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. "தோளுக்கு என்ன சொல்ற? அதுக்குப் பதில் சொல்லு."

அதன்பிறகு அவள் ஞாயிற்றுக்காகக் காத்திருக்கவில்லை. வேலை விட்டதும் தினமும் வந்தாள். அவர் குரல் சின்னதாக ஆக ஆக அவளும் தன் குரலைச் சின்னதாக்கிக்கொண்டாள். கடைசியில் கட்டில் தலைமாட்டில் இரண்டு பேரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் 'நோயில் பூசுதல்' கொடுக்க வந்த பாதிரியார், தகப்பனும் மகளும் ஜெபிக்கிறார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலிலேயே தலைகுனிந்து நின்றார். போமனின் முட்டி தாங்குமா தாங்காதா என்பதுதான் அங்கே நடந்துகொண்டிருந்தது. மார்லீன் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. தானும் தலைகுனிந்து நின்றாள்.

பிப்ரவரியில், பிட்சர்கள் எல்லாம் பயிற்சிக்கு ஃபுளோரிடா போய்ச் சேர்ந்த வாரம் எமில் கண்ணை மூடினார். உறைந்த மண்ணைத் தோண்டக் கஷ்டப்பட்டார்கள்.

ஜூனில் பெயர் வந்தது. பத்திரிகையில் கடைசிப் பக்கம், மூலையில் இரண்டே வரி. வெண்டெல் ப்ரூயிட், வயது இருபது, கேட்சர். கீழ்மட்ட அணி ஒன்றில் உட்கார்ந்து பந்து பிடிப்பவன். மட்டை வீச்சு சுமாருக்கும் கீழே. பாலெட் அலுவலகத்தில் நின்றபடியே படித்தாள். கத்திச் சொல்வதற்கு வாயைத் திறந்தாள். சுற்றிலும் இருந்தவர்கள் வாகனப் பதிவுக்கு வரிசையில் நின்றவர்கள். பத்திரிகையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மாலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். கல்லின்மேல் கையை வைத்துப் பெயரை மட்டும் சொன்னாள். அவன் எப்படி அடிக்கிறான் என்பதைச் சொல்லவில்லை.

அந்தப் பருவம் முழுக்க கெலாஹர் மேற்குக் கரையில் ஜெயித்துக்கொண்டே இருந்தான். போமனின் முட்டி ஜூலையில் போயிற்று. ஹெரன்ஸ் கடைசி இடம். அக்டோபரில் சந்தேகத்துக்கே இடமில்லை. இப்படி ஒரு வெற்றி அவளுக்கு அதுவரை வாய்த்ததே இல்லை. வானொலியை அணைத்துவிட்டு அவள் இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. பூசைக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாம் என்று வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இரவெல்லாம் கொட்டிய முதல் பனி முழங்கால் வரை கிடந்தது. மார்லீன், எமிலின் தடித்த கோட்டையும் காது மூடிய தொப்பியையும் போட்டுக்கொண்டு, மண்வாரியோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? குடு இங்க. இல்லன்னா விடு, வர்ஜில் மெஷின் வெச்சுத் தள்ளிருவார்."

"நீ ஜெயிச்சவ. உள்ள போ."

"அம்மா."

"உங்கப்பா தோத்துட்டார்டி. தோத்த வருஷம் ஒரு தடவையாவது அவர் வாராம இருந்திருக்காரா? காபி போட்டு வெச்சிருக்கேன். ஊத்திக்கிட்டு ஜன்னல்ல போய் நில்லு."

பாலெட் போய் நின்றாள். கோப்பை சுட்டது. வெளியே அம்மா பழக்கமில்லாத கையோடு வாரினாள். பாதிப் பனி மண்வாரியில் வந்தது, பாதி அவள் பூட்ஸுக்குள் போனது. இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள். தெருவரை போய்ச் சேர்ந்ததும் திரும்பி, தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

பாலெட் ஜன்னலைத் தூக்கினாள். குளிர் முகத்தில் அறைந்தது. அம்மா அசையாமல் காத்திருந்தாள்.

"அந்த மூலையில விட்டுட்டம்மா," என்றாள் பாலெட்.

மார்லீன் மூலையைப் பார்த்தாள். மண்வாரியை ஊன்றிக்கொண்டு தாடையை முன்னால் நீட்டினாள்.

"போடி. கெலாஹர் தோளு இன்னும் ஒரு வருஷந்தான். கையத் தூக்கறப்பல்லாம் மூஞ்சியச் சுளிக்கிறான்," என்றாள், வாழ்நாளில் ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்திராத மார்லீன். "அந்த வெண்டெல் பையனுக்கு இருபது வயசுதான் ஆவுது. பொறுத்துப் பாரு."

"மைதானத்துக்குத் தண்ணி ஊத்துவான்," என்றாள் பாலெட். குரல் உடைந்தது.

"அழறதெல்லாம் கணக்குல சேராது," என்று சொல்லிவிட்டு, மார்லீன் மூலைக்குப் போய், விட்டுப்போன பனியைச் சுரண்டத் தொடங்கினாள்.