செருப்புத் தடம் அழியாத இடம்

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெட்டவெளி வேண்டும். சும்மா நடந்துவிட்டு வந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அவரோ எங்கிருந்தோ ஒரு பழைய மெட்டல் டிடெக்டரை வாங்கிவந்து ஆற்றங்கரை மணலைத் தடவ ஆரம்பித்தார். உள்ளே உலோகம் இருந்தால் அது 'கீ' என்று கத்தும். தெருவே அவருக்குப் புதையல்காரர் என்று பெயர் வைத்துச் சிரித்தது.

ஆரம்பத்தில் கிடைத்ததெல்லாம் சோடா மூடிதான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து கால் கழுவுகிற மனுஷனைப் பார்க்க அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. அவள் பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தருகிற தையல்காரி. அவளிடம் ஒரு தகர டப்பா நிறையப் பித்தளைப் பொத்தான்களும் பெல்ட் கொக்கிகளும் இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் பால் வாங்கப் போகிற சாக்கில் ஆற்றங்கரைக்குப் போய் ஒன்றிரண்டைப் புதைத்துவிட்டு வருவாள். மறுநாள் அவர் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குள் நுழைவார்.

"இதப் பாரு, எவனோ கப்பல்காரன் சட்டைப் பொத்தான்."

நங்கூரம் பொறித்த அந்தப் பொத்தானை அவள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நடிப்பில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவளுக்கு நினைப்பு.

இப்போது அவளால் மாடிப்படி இறங்க முடியவில்லை. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன். அவர் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எந்நேரமும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த மனுஷன் இப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார் என்ற பயம், ஆபரேஷன் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவளே பேச்சை எடுத்தாள். "ஒரு நடை ஆத்தங்கரைக்குப் போய்ட்டு வாங்களேன்."

"அங்க இனி என்ன இருக்கு? தேடுனா வேற கிரகத்துலதான் தேடணும்."

"அப்ப செவ்வாய்க்குப் போங்க."

"அங்க மண்ணே இரும்புத் துருவாம். வச்ச எடத்துலெல்லாம் கத்தும். உங்கக்கா மாதிரி, எதுக்குக் கத்துறோம்னு அதுக்கே தெரியாது."

அக்காவை இழுத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வியாழன்?"

"அங்க தரையே கெடையாது. குழி தோண்டக் குனிஞ்சா நானும் சேர்ந்து உள்ள போயிடுவேன்."

"சரி, நிலா. கிரகம் இல்லன்னாலும் பக்கம். சாப்பாட்டுக்கு வந்துடலாம்."

அவர் அவள் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நிலா நல்ல எடந்தான். ஆனா உனக்கு ஆகாது. அங்க காத்து கெடையாது, செருப்புத் தடம் அழியவே அழியாது. கையும் களவுமா மாட்டிக்குவே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் எதுக்கு மாட்டணும்?"

"உன் இடது செருப்பு குதிகால்ல தேஞ்சிருக்கு. மணல்ல அந்தத் தடத்தப் பிடிச்சுப் போனா கருவியே வேண்டாம். அந்த நங்கூரப் பொத்தான எத்தன தடவதான் தோண்டுறது? எடுத்து எடுத்து உன் டப்பாவுலயே போட்டுட்டிருந்தேன்."

எவ்வளவு புதைத்தாலும் டப்பா குறையாததை அவளும் கவனித்திருந்தாள். தைக்க வருகிற துணிகளிலிருந்து சேருகிறது, நங்கூரப் பொத்தானும் ஒரே சட்டையில் நாலைந்து இருந்திருக்கும் என்று எண்ணியிருந்தாள். அசடு வழிய, "தெரிஞ்சுமா அப்படிச் சிரிச்சுக்கிட்டு வந்தீங்க?" என்றாள்.

"சிரிப்பு நெசந்தான். எனக்காக நீ மணல்ல முட்டி போட்டுத் தோண்டியிருக்கேன்னு நெனச்சா தானா வந்துடும்."

அழுகையை மறைக்க அவள் விளையாட்டாகவே பேசினாள். "வேற கிரகத்துல யாரும் எதையும் தொலைச்சிருக்க மாட்டாங்க. நான் முன்னாடி போய்ப் பொதைச்சு வச்சாத்தான் உங்களுக்கு ஏதாச்சும் கெடைக்கும்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "நீ முன்னாடி போற வேலையெல்லாம் வேண்டாம். எனக்கு ஒண்ணும் கெடைக்காட்டிப் பரவால்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினார்.

அவர் படி இறங்கியதும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்துப் பால்கனிக்குப் போனாள். பக்கத்தில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் அங்கே எப்போதும் சிமென்ட் தூசி. ஒரு பூந்தொட்டி மண்ணைக் கிளறி நங்கூரப் பொத்தானைப் புதைத்தாள். தான் திரும்பி வராவிட்டாலும், என்றைக்காவது அவர் கருவியைக் கையில் எடுத்தால் ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும். மூச்சு வாங்க வாங்கக் கட்டிலுக்குத் திரும்பியவளுக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாற்றுத் துணி எடுக்க அவர் மட்டும் வீட்டுக்குப் போய் வந்தார்.

மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தியபோது அவர் குனிந்து அவள் காதருகில் பேசினார். "பால்கனி தூசியில ஒரு செருப்புத் தடம் பாத்தேன். கருவிய எடுத்து வச்சா, ரோஜாத் தொட்டி கத்துது."

"எடுத்துட்டீங்களா?"

"தொடல. தடத்தக்கூடப் பெருக்கல. நீயே வந்து தோண்டிக் குடு."

"செடிக்கு ஊத்துற தண்ணி பட்டா பித்தளை கறுத்துடுமே."

"அப்ப சீக்கிரம் வந்துடு."