சொல்லக்கூடாத புனைபெயர்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுச் சோற்றுப் பானைக்குள் எழுத்தாளர்கள் பேசுவார்கள். அம்மாவின் கைபேசிக்குத் தொண்டை கட்டி இரண்டு வருடமாகிறது. அலுமினியப் பானைக்குள் இறக்கி வைத்தால்தான் முற்றத்துக்குக் கேட்கும். எங்கள் ஊர் ஜங்கிபூரில் எழுத்தாளர்களைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் விடுகிற வீடு எங்களுடையது மட்டும்தான்.

ரேடியோ நிகழ்ச்சியின் பெயர் 'அடுக்களைப் பேனா'. அந்தக் காலத்தில் ஒளிந்து ஒளிந்து எழுதிய பெண்களைப் பற்றியது. அம்மாவும் நானும் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கேட்போம். போன வாரம் சுஹாசபாலா தேவி. கணவர் கோர்ட்டு வேலைக்குக் கிளம்பியதும் எழுதி, தாள்களைப் பொரி டப்பாவில் ஒளித்து வைத்தவள். நல்ல இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அழுதாள். பீடிகளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த அப்பா, இலை நனைகிறதே என்று கவலைப்பட்டார்.

"எழுதினவ செத்துட்டா, அவ புருஷனும் செத்துட்டான். நடுவுல நீ எதுக்குடி ஒப்பாரி வைக்கிற?"

"ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்களேன். முக்கியமான இடம்."

"என்ன முக்கியம்? மீன் குழம்புல உப்பு இல்ல. அதைப் பத்தி உன் தேவி ஏதாவது எழுதியிருக்காளா?"

இலக்கியத்தில் உப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் அப்பா கறாரானவர். முக்கியமான இடம் எது வந்தாலும் அவருக்கு ஒரு கருத்தும் வந்துவிடும். அதனால் எந்த எழுத்தாளரின் முடிவையும் அம்மா கேட்டதே இல்லை. அடுத்த வாரக் கேள்விக்குச் சரியான விடை சொல்பவருக்கு ஹெட்போன் பரிசு என்று அறிவித்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது. அதை மாட்டிக்கொண்டால் அப்பா கேட்க மாட்டார். ஒரே ஒரு முடிவையாவது முழுசாகக் கேட்டுவிடலாம்.

இந்தப் புதன் கேள்வி வந்தது. சுஹாசபாலா தேவி எந்த ஆண் பெயரில் ஒளிந்து எழுதினாள்?

பசுபதி. எங்கள் இருவருக்கும் தெரியும். போன வாரம் அந்தப் பெயர் வந்தபோதே அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். ஏனென்றால் அப்பாவின் பெயர் பசுபதி மண்டல்.

இருபத்திரண்டு வருடத்தில் அம்மா அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைக் காட்டி, "இவ அப்பா" என்பாள். மனைவி கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையுமாம். தினம் முப்பது பீடி குடித்தால் குறையாது.

முதல் முயற்சியிலேயே லைன் கிடைத்துவிட்டது.

"சொல்லுங்க மாசிமா! முப்பது செகண்டு இருக்கு" என்று அம்மாவைச் சித்தி முறை வைத்துக் கூப்பிட்டாள் நிகழ்ச்சிப் பெண்.

"தெரியும்மா. அது வந்து... மாட்டுக்காரர்."

"மாட்டுக்காரரா?"

"மாடுங்களுக்கெல்லாம் எஜமான். தலையில ஜடை, கழுத்துல பாம்பு..."

"பாம்பாட்டியா மாசிமா?"

அம்மா கைபேசியை என் வாய்க்கு நேரே நீட்டினாள். "நீ சொல்லுடி!" வெளியாள் குரலைக் கேட்டாலே எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். தலையை ஆட்டினேன். அது ரேடியோவில் கேட்காது.

"பத்து செகண்டு!"

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "பசுபதி."

"சரியா கேக்கலையே மாசிமா!"

"பசுபதி!"

"லைன் விட்டு விட்டு வருது, சத்தமா!"

அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். "பசுபதீ! பசுபதி! போதுமா?"

பின்கட்டுக் குழாயடியில் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அவரை அந்தத் தொனியில் கூப்பிடுவது பீடிக்குக் கணக்குப் பார்க்கும் கம்பெனி முன்ஷி மட்டும்தான். ஈரத் துண்டும் காதில் சோப்பு நுரையுமாகக் கையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"இதோ வந்துட்டேன் பாபு! இந்தத் தடவை இலை நனையாது பாபு!"

"ரொம்பச் சரி!" என்றாள் நிகழ்ச்சிப் பெண்.

பத்து நாளில் ஹெட்போன் வந்தது. அப்பா பெட்டியை வாங்கிப் பிரித்து, தன் கைபேசியில் செருகிக்கொண்டார். "என் பேரைச் சொல்லித்தானே ஜெயிச்ச? அப்ப இது யாருது?"

அம்மா காலிப் பெட்டியை எடுத்துப் பீடி நூலைப் போட்டு வைத்தாள்.

அடுத்த புதன் அப்பா எங்கள் நடுவில் உட்கார்ந்து, இரண்டு காதும் அடைபட்டு, கிரிக்கெட் வர்ணனை கேட்டபடி பீடி கட்டினார். பானைக்குள் வேறொரு தேவி எழுதினாள், ஒளித்தாள், மாட்டிக்கொண்டாள். உப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முதல்முறையாகக் கதை முடிவுவரை வந்தது. அம்மா ஆசைதீர அழுதாள். ஏழெட்டு இலை நனைந்தது.

பிறகு சாப்பிடக் கூப்பிட்டாள்.

"பசுபதி!"

அவருக்குக் கேட்கவில்லை. ஆயுளும் குறைந்ததாகத் தெரியவில்லை.