கெரென்சாவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி

என் அக்கா கெரென்சா விக்கா வழியில் போனவள். நிலவையும் சூரியனையும் கும்பிடுகிறவள். இங்கிலாந்தில் எங்கள் கார்ன்வால் பக்கத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் மட்டும் இருபது வருடமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். வருடத்தின் மிக நீளமான இரவை அவர்கள் யூல் என்று கொண்டாடுவார்கள். அந்த யூலுக்கு ஒரு வருடம் சூனியக்காரிக் கூர்த்தொப்பி வாங்கிக் கொடுத்தேன், ஒரு வருடம் பொம்மைத் துடைப்பம். அவள் சிரித்தபடி வாங்கி அலமாரியில் வைத்துவிடுவாள்.

போன வருடம் எனக்குக் கிண்டல் வரவில்லை. கோடையிலிருந்தே அக்கா சரியாக இல்லை. பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பாள். கேட்டால், "யாரோ வந்த மாதிரி இருந்துச்சுடா" என்பாள். இந்த முறை அவளுக்குப் பிடித்ததாக ஒன்று கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பென்சான்ஸில் மந்திரச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கல், ஊதுபத்தி, வெள்ளிச் சங்கிலி என்று எல்லாம் பளபளத்தன. பூசைக்கத்தி ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"யாருக்கு?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

"அக்காவுக்கு."

"கத்தி வேணாம் ராசா. அத அவங்கவங்கதான் தேடி எடுக்கணும். உங்க அக்கா எதுக்குப் பூசை பண்றாங்க? என்ன கேக்குறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவளிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

இரண்டு தெரு தள்ளி, பழைய சாமான்களைத் தருமத்துக்காக விற்கும் கடை ஒன்று உண்டு. அதன் ஜன்னலில் அந்தக் கண்ணாடி இருந்தது. சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. பின்பக்கம் கறுப்பு பூசியது. கண்ணுக்குத் தெரியாதவர்கள் தெரிவார்கள் என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதற்குள் உற்றுப் பார்ப்பார்கள், அக்காவிடமும் ஒன்று உண்டு. ஆனால் அதில் கீறல் விழுந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போயிருங்க," என்றார் கடைக் கிழவர். "ரெண்டு தடவ வித்தேன். ரெண்டு தடவையும் திரும்பி வந்துருச்சு."

"ஏன்?"

"காரணம் சொல்லல. வெச்சுட்டுப் போயிட்டாங்க."

நான் ஒரு பிளம்பர். இதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. துணியில் சுற்றி என் பக்கத்து இருக்கையில் வைத்து வண்டியைக் கிளப்பினேன். சீட் பெல்ட் மணி அடிக்க ஆரம்பித்தது. ஆள் உட்கார்ந்தால்தான் அது அடிக்கும். கண்ணாடி ஒரு ரொட்டி எடைகூட இருக்காது. நிறுத்தி, அதற்கு பெல்ட் போட்டேன். மணி நின்றது. வீடு வரும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

யூல் அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. அக்கா வீட்டில் அடுப்பில் ஓக் கட்டை எரிந்தது. பொட்டலத்தை நீட்டினேன்.

"இந்த வருசம் என்னடா, கறுப்புப் பூனை பொம்மையா?" என்று கேட்டபடி பிரித்தாள். கண்ணாடியைப் பார்த்ததும் அவள் கை நின்றது. மெதுவாகத் திருப்பினாள். பின்பக்கம் ஒட்டியிருந்த கம்பளித் துணியின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். அதற்கடியில் 'கெ' என்று ஓர் எழுத்து.

"நான் பண்ணது," என்றாள். "ஒன்பது தடவ பூசினேன். லவ்டேக்காகப் பண்ணேன்."

லவ்டே அவளுடைய முப்பது வருடத் தோழி. அவர்கள் சேர்ந்து பூசை செய்யும் வட்டத்துக்கு யார் தலைமை என்று வந்த சண்டையில் இரண்டு பேரும் மூன்று வருடமாகப் பேசவில்லை. ஜூலையில் லவ்டே இறந்துபோனாள். அக்கா இறுதிச் சடங்குக்குப் போகவில்லை.

"ஜூன்ல எனக்கு மூணு தடவ போன் பண்ணாடா. பேரப் பாத்துட்டு அடிக்க விட்டுட்டேன். கெஞ்சட்டும்னு நெனச்சேன்."

"திருப்பிக் கொடுத்துடட்டுமா அக்கா?" என்றேன்.

"நீ போய் டீ போடு."

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சமையலறையில் கெட்டிலோடு நின்றேன். அவள் குரல் கேட்டது. பேசுவாள், நிறுத்துவாள், "இல்ல, அப்படி இல்ல" என்பாள், மறுபடி நிறுத்துவாள். கடைசி நிறுத்தம் மட்டும் ரொம்ப நீளம். அந்த நேரத்தில் ஈரக் கம்பளியும் கிராம்பும் கலந்த வாசனை ஒன்று கதவிடுக்கு வழியாக வந்தது. அக்கா வீட்டில் கிராம்பே கிடையாது.

வெளியே வந்தபோது கோட்டு மாட்டியிருந்தாள். "டாம்சின் வீட்டுக்கு வண்டிய எடு."

டாம்சின் லவ்டேயின் மகள். கதவைத் திறந்தவள் அக்காவையும் பார்த்தாள், அவள் கையிலிருந்த கண்ணாடியையும் பார்த்தாள்.

"அத உள்ள கொண்டு வராதீங்க, கெரென்சா அத்த. எந்த ரூம்ல வெச்சாலும் அங்க யாரோ எழுந்து உக்கார்ற மாதிரியே இருந்துச்சு. அதான் கடைல போட்டேன்."

அக்கா கண்ணாடியை வாசற்படியில் வைத்துவிட்டு, "உங்கம்மா எங்க?" என்று கேட்டாள்.

டாம்சின் அழத் தொடங்கினாள். சாம்பல் இன்னும் வீட்டில்தான் இருந்தது, அம்மாவின் துணி அலமாரியில், கிராம்பு போட்டு வைத்த குளிர்காலக் கோட்டுகளுக்குக் கீழே. "எங்க தூவணும், என்ன சொல்லணும், ஒண்ணும் தெரியல. உங்ககிட்ட கேக்கச் சொல்லிட்டுத்தான் செத்தாங்க. நீங்கதான் வரவே இல்லையே!"

"தெரியும் கண்ணு," என்றாள் அக்கா. "எல்லாமே எங்கிட்ட சொல்லி வெச்சிருக்கா."

மறுநாள் விடியும்போது மூன்று பேரும் கடற்பாறை மேல் நின்றோம். நான் என் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அக்கா லவ்டேயின் பெயரை நான்கு திசைக்கும் சொன்னாள். அதன்பின் ஒரு குற்றவாளியைப் போலத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். தூவிய சாம்பல் சற்று நேரம் எங்கள் முன்னால் அசையாமல் நின்ற மாதிரி இருந்தது. பிறகு கடல் பக்கம் போனது.

"மன்னிச்சுட்டாங்களா?" என்று இறங்கும்போது கேட்டேன்.

"தெரியலடா. ஒண்ணும் சொல்லல."

அந்த வாரம் முழுவதும் அவள் டாம்சின் வீட்டிலேயே தங்கிவிட்டாள். லவ்டேயின் துணிகளை இரண்டு பேரும் உட்கார்ந்து மடித்தார்களாம்.