ஏழு நிமிடம் கை வைக்காமல்

கதவு பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டதும் வழக்கம்போல் எரிச்சல் வந்தது. லேசர் மேலே போகிற ஏழு நிமிடமும் இந்தக் கோபுர அறைக் கதவைத் திறக்க முடியாது. வெளியே இருப்பவர் கண்ணுக்கு ஆபத்தாம். ஆறு வருஷமாக, நாளைக்கு நாலு தடவை, இப்படி உள்ளே கிடக்கிறேன்.

செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும்போது இந்த அறையிலுள்ள தொலைநோக்கி வழியாக அதனுடன் லேசர் ஒளியால் இணைப்புப் போட்டு, அது எடுத்த படங்களை இறக்குவது என் வேலை. கேட்க அழகாகத்தான் இருக்கும். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வந்து பாருங்கள். வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே காற்று நெளியுமே, அதே நெளிவு ஒளியையும் ஆட்டிப்படைக்கும். திரையில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு வட்டம். புள்ளி வட்டத்தைத் தாண்டினால் இணைப்பு போச்சு. வளைகிற கண்ணாடி ஒன்று புள்ளியை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். உச்சி வெயிலில் அதுவும் திணறும். அப்போது குமிழைத் திருகிக் காப்பாற்றுவது நான். வேறு யாருக்கும் அந்தக் கைப்பழக்கம் வரவில்லை. அதனால் என் இடமாறுதல் மனு மூன்றும் குப்பைக்குப் போயின. கணவரும் எட்டு வயது மகளும் பதினோரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறார்கள்.

இந்த முறை மேலதிகாரி கொஞ்சம் இறங்கிவந்தார்.

"உங்க கை செய்யறதைச் செய்யற புது ப்ரோக்ராம் ஒரே ஒரு மத்தியானம் தனியா ஓடட்டும்மா. நடுவுல அறுந்தாலும் தானா திரும்பப் பிடிச்சா போதும், சாயங்காலமே உங்க மாறுதல்ல கையெழுத்துப் போட்டுடறேன். நீங்க மட்டும் கை வைக்கக் கூடாது. வச்சா செல்லாது."

காலையில் மகளிடம் சொன்னேன். "மெஷின்தான் ஜெயிக்கணும்" என்றாள் கறாராக.

சும்மா இருப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். கடைசி நிமிடத்தில் மேலதிகாரி மூன்று விருந்தாளிகளை வேடிக்கை பார்க்க உள்ளே அழைத்துவந்தார்.

"நம்ம உடம்புச் சூடே தொலைநோக்கி முன்னால நெளியும் சார். வெளிய திரையில பாக்கச் சொல்லுங்களேன்."

"அட, சும்மா இருங்கம்மா. பெரிய மனுஷங்க."

அவர் காதிலேயே வாங்கவில்லை. அதற்குள் கதவும் பூட்டிக்கொண்டது.

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன். நாலு நிமிடம் புள்ளி சமர்த்தாக நின்றது. ஐந்தாவது நிமிடம் ஓரத்துக்கு ஓடியது, ப்ரோக்ராம் இழுத்துவந்தது. மறுபடி ஓடியது, மறுபடி இழுத்தது. அடி என் ராசாத்தி என்று மனசுக்குள் கொஞ்சினேன். ரயிலில் எந்தப் பெட்டியை எடுத்துப்போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஆறாவது நிமிடம். வியர்த்துப்போன விருந்தாளி ஒருவர் கையிலிருந்த ஃபைலால் விசிறிக்கொண்டார்.

சூடான காற்று மொத்தமும் தொலைநோக்கி வாய்க்கு முன்னால் போனது. புள்ளி வட்டத்துக்கு வெளியே துள்ளியது. "போச்சு" என்றார் ஒருவர். அடுத்த நொடி புள்ளி நடுவில் நின்றது. என் வலது கை குமிழ்மேல் இருந்தது.

எப்போது எடுத்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. அறுந்திருந்தால் ஒரு குடியும் முழுகியிருக்காது. செயற்கைக்கோள் அடுத்த தடவை வரும்போது அதே படங்கள் இறங்கியிருக்கும். பதிவைப் பார்த்தேன். என் கை படுவதற்கு முன்பே ப்ரோக்ராம் புள்ளியை இழுக்கத் தொடங்கியிருந்தது. அதன் கீழே, சிவப்பில், 'கைவழி இயக்கம்' என்று விழுந்திருந்தது. அந்தக் கையை ஒடித்துப்போடலாம் போலிருந்தது.

விருந்தாளிகள் கைதட்டினார்கள். மேலதிகாரிக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா? இவங்க இல்லாம இங்க ஒண்ணும் ஓடாது."

"சார், அது ஏற்கெனவே இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. பதிவுல இருக்கு."

"கை பட்டாச்சேம்மா. அடுத்த வருஷம் பாப்போம்."

கதவு திறந்தது. அவர்கள் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. போன் அடித்தது.

"அம்மா, மெஷின் ஜெயிச்சுதா?"

"இல்லடி. அம்மாதான் ஜெயிச்சுட்டேன்."



"ஏம்மா ஜெயிச்ச?" என்றாள்.