எடுக்காத சீட்டு

உயர்தரப் பரீட்சையில் பேணாட்டுக்கு வந்த புள்ளிகள் என்னுடையதைவிடக் கூட. அதில் எங்கள் வீட்டில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது எனக்கு, அவனுக்கு இல்லை. அதைக் கேட்டதும் அம்மா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கொழும்பில் பெயரை மாற்றிப் போட்டிருப்பார்கள் என்றார் அப்பா. உண்மையைச் சொன்னால், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றாகப் பிறந்த எங்களை மாவட்டம் பிரித்துவிட்டது. அப்போதுதான் பல்கலைக்கழக இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிடத் தொடங்கியிருந்தார்கள். பேணாட் பெரியம்மா வீட்டில் தங்கி யாழ்ப்பாணத்தில் படித்தவன். அங்கே நல்ல புள்ளி எடுத்தவர்களே கொஞ்ச இடத்துக்கு நெரிபட்டார்கள். நான் திருகோணமலையில் படித்தவள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரசாயனம் படிப்பிக்க வந்தவர்கள் வந்த வேகத்திலேயே மாற்றலாகிப் போனார்கள். சோதனைக் குழாயைப் படத்தில் பார்த்துத்தான் படித்தேன். எங்களைப் போன்றவர்களுக்குக் குறைந்த புள்ளி போதும் என்று முடிவாகியிருந்தது.

பேணாட் கொதித்துப்போய் வந்து இறங்கினான்.

“நான் கஷ்டப்பட்டுப் படிச்சது பிழையோ? கூட எடுத்தவன் வெளியில, குறைய எடுத்தவள் உள்ளுக்கை. இது என்ன நியாயம்?”

“உனக்கு ஆய்வுகூடம் இருந்தது, ரியூசன் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? கடல்காத்தோ?”

“அது என்ர அதிஷ்டம். அந்தோனியார் எனக்குத் தந்தவர். அதைத் திருத்த அரசாங்கம் ஆர்?”

என் வாய்க்குத் தப்பிய ஆள் எங்கள் தெருவிலேயே கிடையாது. ஆனால் அந்தோனியார் பெயரைச் சொன்னால் நான் அடங்கிவிடுவேன்.

காரணம் இதுதான். எட்டாம் வகுப்பு முடிந்தபோது எங்களில் ஒருவரைத்தான் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப முடியும் என்று ஆனது. அப்பா சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் பைப் பொருத்துகிறவர்; அந்தச் சம்பளம் அதற்குமேல் இழுபடாது. எங்கள் ஆட்களுக்கு ஒரு முடிவும் எடுக்க முடியாவிட்டால் திருவுளச்சீட்டுத்தான். அம்மாவுக்கு எழுத வராது. அதனால் அப்பா இரண்டு துண்டுகளில் பெயர் எழுதி மடித்து, அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்தார். செபம் முடிந்ததும் நான்தான் முந்திக்கொண்டு கையை நீட்டினேன். பேணாட் என்று வந்தது. எடுக்காத சீட்டைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் சுவாமியைச் சோதித்த மாதிரி ஆகிவிடும் என்பார்கள். அம்மா அதை மெழுகுதிரியில் எரித்துவிட்டார்.

என் படிப்பை என் கையாலேயே தூக்கிக் கொடுத்தேன் என்று எத்தனை நாள் அழுதிருப்பேன்! ராசி கெட்ட கை என்று அதற்குப் பெயரும் வைத்தேன். எல்சியின் கைபட்டால் சுவீப் ரிக்கற்றுக்குப் பரிசு விழாது என்று தோழிகள் பகிடி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா கதையை எடுத்தார்.

“பேணாட்டை இந்தியாவுக்கு அனுப்பிப் படிப்பிப்பம். நிலாவெளிக் காணியை விக்கலாம். ஆனா மாதாமாதம் அனுப்ப என்னால தனிய ஏலாது. பிள்ளை, உனக்கு எங்கட இடத்தில ஒரு கிளாக்கர் வேலை கேட்டு வைச்சிருக்கிறன்.”

“அப்ப எனக்குக் கிடைச்ச இடம்?”

“கூட எடுத்தவன் வீட்டில இருக்க நீ போறதோ, பிள்ளை?”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா வேலியால் எட்டிப் பார்த்தார். அம்மா என் வாயைப் பொத்தினார். “சண்டை வேண்டாம். அந்தோனியாரைக் கேப்பம். அவர் சொன்னா இவளும் கேப்பாள்.”

ஓம் என்றேன். பைத்தியக்காரி என்று நினைக்காதீர்கள். எனக்கு அரசாங்கத்தில்தான் நம்பிக்கை இல்லை, அந்தோனியாரில் இருந்தது. அந்த இடம் உண்மையிலேயே எனக்குரியது என்று அவர் ஒரு தடவை சொன்னால், பேணாட்டின் முகத்தைக் கூச்சமில்லாமல் பார்க்கலாம் என்றும் நினைத்தேன்.

அப்பா எழுதினார், மடித்தார், வைத்தார். அம்மா செபம் சொன்னார். இந்தத் தடவை இடது கையால் எடுத்தேன்.

பேணாட்.

அம்மா கண்ணைத் துடைத்துவிட்டு மற்றச் சீட்டை மெழுகுதிரிக்குக் கொண்டு போனார்.

“தாங்கோ அம்மா, நானே எரிக்கிறன்.”

எரிக்கமுன் என் பெயரை ஒருதரம் பார்க்க வேண்டும் போலிருந்தது. டாக்டராகப் போகாத எல்சியை அப்பாவின் கையெழுத்தில் ஒருதரம் பார்த்துவிட்டு எரிக்கலாம் என்று தோன்றியது.

“பிரிக்காதை, பிள்ளை!” என்று அப்பா கத்தினார்.

பிரித்துவிட்டேன். அதிலும் பேணாட்.

முதலில் எனக்கு விளங்கவே இல்லை. எடுத்த சீட்டையே திரும்பப் பிரித்துவிட்டேனோ என்று மற்றக் கையைப் பார்த்தேன். எடுத்த சீட்டு அங்கேயே இருந்தது. பேணாட் இரண்டையும் வாங்கிப் பார்த்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

“இஞ்சருங்கோ, என்ன இது?” என்றார் அம்மா. அவருக்கும் தெரியாதுதான்.

“அப்ப முந்தியும் இப்பிடித்தானோ, அப்பா?” என்று பேணாட் கேட்டான். “அந்தோனியார் என்னை எடுக்கேல்லையோ?”

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். பேணாட்டைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

“ரெண்டு பேரையும் அனுப்ப ஏலாது. நீ பொம்பிளைப் பிள்ளை. ஆனா உன்ர முகத்தைப் பாத்து, நீ வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அதான் அவரைக் கொண்டு சொல்லுவிச்சனான்.”

எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். அன்று அதுகூட வரவில்லை. அதிர்ஷ்டத்தைத் திருத்தலாமா என்று பேணாட்டும் நானும் கிழமைக்கணக்காக மல்லுக்கட்டியிருக்கிறோம். அப்படியொரு அதிர்ஷ்டமே இந்த வீட்டுக்குள் வந்திருக்கவில்லை. நான் இத்தனை வருடம் திட்டிய கையில் ஒரு குறையும் இல்லை. எந்தச் சீட்டை எடுத்திருந்தாலும் அவன் பெயர்தான் வந்திருக்கும்.

“உங்களுக்கு வாய் வராட்டி விடுங்கோ, அப்பா,” என்றேன். “எனக்கு வரும். நான் போறன்.”

பேணாட் எழுந்து போய், தன் பெயர் எழுதிய இரண்டு சீட்டுகளையும் மெழுகுதிரியில் பிடித்தான்.