சத்தம் குறைத்த நாடகம்

1991 டிசம்பர். காவிரிக் கலவரம் பெங்களூரில் ஜீவனஹள்ளி வரைக்கும் வந்துவிட்டது. பச்சைமுத்து தன் வீடியோ கடையை இழுத்து மூடினான். தமிழ் கேசட்டுகளைச் சாக்கில் கட்டி, டெக்கையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தபோது, அவன் மனைவி சரளா துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தங்கவயலில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு ஒரேயடியாகப் போய்விடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தும், "ஒண்ணும் வேணாம்" என்று அவன் தடுத்துவிட்டிருந்தான். எதற்கும் அவனிடம் இரண்டாவது பேச்சு கிடையாது.

"பஸ் ஓடல" என்றான் இப்போது. அதோடு சரி.

எதிர்வீட்டுக் கன்னடக்கார எல்லம்மா பூட்டோடு வந்தாள். "உள்ளயே இருங்க. நான் வெளிய பூட்டிக்கிறேன், வீட்ல யாரும் இல்லேன்னு நெனச்சிக்கட்டும். சத்தம் மட்டும் மாடபேடி" என்று வாயில் விரல் வைத்துக் காட்டினாள். கதவைச் சாத்தினாள். பூட்டு விழுந்தது.

ஒற்றை அறை. ஜன்னலை அடைத்துக் கம்பளியைத் தொங்கவிட்டதும் பகலே இருண்டுபோனது. தெருவில் யாரோ ஓடும் சத்தம் கேட்டால் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கோ டயர் எரிகிற நாற்றம் கதவிடுக்கில் நுழைந்தது.

மறுநாள் பச்சைமுத்துவால் உட்கார முடியவில்லை. கதவுக்கும் அடுப்புக்குமாக நடந்தான். கடைசியில் சாக்கைப் பிரித்து, டி.வி.யில் வந்தபோது அவனே பதிவு செய்துவைத்த பழைய நாடகம் ஒன்றைப் போட்டான். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தான். தமிழ்க் குரல் தெருவுக்குக் கேட்டால் தீர்ந்தது கதை.

திரையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வாயை வாயை அசைத்தார்கள். சற்றுப் பொறுத்து, அவன் சரளாவின் காதருகே குனிந்து புருஷனின் வசனத்தைக் கிசுகிசுத்தான். பிறகு மாமியாரின் வசனம், தபால்காரரின் வசனம். கடையில் ஓடவிட்டு ஓடவிட்டு அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். கல்யாணமான நாளிலிருந்து அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது.

நாடகம் முடிந்து அதே கேசட்டில் பட்டுப்பூச்சி வளர்ப்பைப் பற்றிய செய்திப்படம் ஓடியது. அதற்குப் பேச அவனுக்கு வசனம் தெரியவில்லை. மறுபடி நாடகத்தையே சுற்றிவைத்தான்.

இந்தத் தடவை அந்தப் பெண்டாட்டி வாய் திறந்ததும் சரளா முந்திக்கொண்டாள்.

"மத்த நாள்ல கதவு தொறந்துதான் இருக்கு. ஆனா எங்க போறதுன்னாலும் உங்க வாயப் பாக்கணும்."

அவன் திரும்பிப் பார்த்தான். "அப்டி வராது. அவ காப்பி வேணுமான்னு கேப்பா."

"தெரியும். இது நான் கேக்கறது."

"மெதுவா பேசு."

"மெதுவாத்தான் பேசறேன். ஒரு நாள் அடச்சி வச்சதுக்கே நீங்க கூண்டுல போட்ட கரடியாட்டம் நடக்கறீங்க. நான் இந்தச் செவுத்தையே பாத்துகினு மூணு வருஷமா ஒக்காந்துகினு இருக்கேன். ஒரு வார்த்த பேச ஆளில்ல. வேலைக்குப் போறேன்னா அதுக்கும் பூட்டு."

கத்தவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அழுகையைக்கூட முந்தானையில் அடக்க வேண்டியிருந்தது. அவனுக்கும் அதே கதி. வழக்கமாகச் சண்டை வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவான். இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டான்.

"பொம்மசந்திரா ரொம்ப தூரம்" என்றான்.

"தூரம்னுதான் போறேங்கறேன்."

தெரு அடங்கியபின் எல்லம்மா வந்து பூட்டைத் திறந்தாள். பச்சைமுத்து முதல் ஆளாக வெளியே பாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "கடை ஷட்டர்ல கல்லடி. உள்ள ஒண்ணும் ஆவல" என்றான்.

"நான் வேலைக்குப் போறேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, அக்கா வீட்டுக்குக் கெளம்பறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "கம்பெனிக்குப் போற ஓசூர் ரோடு இன்னும் சரியில்லங்கறாங்க. கொஞ்சம் அடங்கட்டும். நானே கொண்டுபோயி உடறேன்."

ரோடு சரியாகத் தை பிறந்துவிட்டது. அதுவரை சரளா அந்த அறைக்குள்தான் கிடந்தாள். கதவு திறந்திருந்தும் தெருமுனை தாண்டப் பயம். கம்பெனி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்ட அன்று, "ஜன்னலோரமா ஒக்காராத. உள்பக்கமா ஒக்காரு" என்றான் பச்சைமுத்து.

அவள் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்தாள்.