ஒன்பது பேர் போனால் ஒன்பது பேர்

சால்ட் வெல் ஊர்ப் படகின் பெயர் ராங்கிக்காரி. படகைக் கட்டி முடித்துப் பெயர் எழுதியபோது வெர்லீன் மாக்ஸிக்கு நாலு வயது. இருந்தாலும் அவளை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள் என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். இப்போது அவளுக்கு நாற்பது. படகின் சுக்கான் அவள் கைக்கு வந்து இது மூன்றாவது போட்டி. முதல் இரண்டிலும் கப் வரவில்லை.

போட்டி நாள் காலையில் லெவிட்டிகஸ் கடற்கரைக்கே வந்து, எல்லார் காதிலும் விழும்படி பேசினார். படகு ஊருக்குப் பொது. ஊர்க் கமிட்டிக்கு அவர் தலைவர், குரலும் அதற்கேற்ற குரல்.

"இதோ பாரு வெர்லீன். முதல் வருஷம் நாலாவது. போன வருஷம் மூணாவது. இன்னிக்கும் கப் வரலேன்னா சுக்கான் ஹெஸ்ரன் கைக்குப் போகுது. கமிட்டி முடிவு பண்ணியாச்சு."

"கமிட்டின்னா நீங்கதானே மாமா."

"நான்தான். அதான் சொல்றேன்."

ஹெஸ்ரன் அவளுடைய சித்தி மகன். நூற்று முப்பது கிலோ. மணலில் உட்கார்ந்து ஜானி கேக் என்கிற பொரித்த ரொட்டியை மீன் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். தன் பெயர் காதில் விழுந்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தான்.

இரண்டு வருஷமும் அவள் தோற்றது ஓட்டத் தெரியாமல் இல்லை. கடைசிச் சுற்றில் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கரைக்கு ஓட வேண்டும். அப்போது கனம் குறைந்த படகு முந்தும். அதனால் ஒவ்வொரு படகிலும் குண்டான ஆள் இரண்டு பேர் வழியில் இருக்கும் சின்னத் தீவு ஓரமாகத் தண்ணீரில் நழுவிவிடுவார்கள். அவர்களை அள்ளிக்கொள்ள அங்கே ஒரு மீன் படகு தயாராக நிற்கும். கிளம்பிய ஒன்பது பேரும் வந்து சேர வேண்டும் என்றுதான் விதிப் புத்தகம் சொல்கிறது. அந்தப் புத்தகம் நடுவரின் மேஜைக்குள் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் வழக்கம் என்பார்கள்.

வெர்லீன் அதைத் திருட்டு என்று சொன்னாள். போட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றே சொன்னாள். "எத்தனை பேர் கிளம்புறாங்க, எத்தனை பேர் வர்றாங்க, எண்ணிப் பாருங்களேன். ஒன்பது வரைக்கும்கூடவா எண்ணத் தெரியாது?" கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரித்தவர்களுக்காகவே இந்த வருஷம் தன் ஆட்களின் சட்டை முதுகில் கறுப்புப் பெயிண்டில் நம்பர் எழுதிவிட்டாள். அவள் ஒன்று. ஹெஸ்ரன் ஒன்பது. குரோ ஹில் ஊர்க்காரர்களுக்கு அது அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. அவர்களுடைய படகு இடிமேகம். அதை ஓட்டும் கார்னல் டைன்ஸ் ஐந்து முறை கப் வாங்கியவன்.

"என்ன ஒண்ணாம் நம்பர், பள்ளிக்கூடம் கிளம்பிட்டியா? சாப்பாட்டு டப்பா எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன் கார்னல். ஒன்பது டப்பா. நீ எத்தனை எடுத்தே, ஏழா?"

கார்னல் சிரித்தான். அவன் ஆட்களில் குண்டான இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

அங்கே படகுகள் பாயை இறக்கி, நங்கூரம் போட்டு, வரிசையாக நின்றுதான் கிளம்பும். வெடிச் சத்தம் கேட்டதும் கயிற்றை இழுத்து நங்கூரத்தை உள்ளே போட வேண்டும், பாயை ஏற்ற வேண்டும். எட்டுப் படகுகளில் ஏழு, நடுவர் படகுக்குப் பக்கத்தில் வடக்கு முனையில் இடித்துக்கொண்டு நின்றன. வெர்லீன் மட்டும் தெற்கு முனையில் தன்னந்தனியாக நங்கூரம் போட்டாள். கரையிலிருந்து லெவிட்டிகஸ் தலையில் கை வைத்தது தெரிந்தது.

அவளுக்குப் பிழைப்பு சங்கு எடுப்பது. மூன்று மாதமாக முங்கி எழும்போதெல்லாம் காற்றைக் கவனித்து வைத்திருந்தாள். பத்தரை மணிக்குக் கரை சூடேறியதும் காற்று தெற்குப் பக்கம் சாயும், கால் மணி நேரம் அப்படியே நிற்கும். மற்றவர்களும் அதே கடலில்தான் இருந்தார்கள், ஆனால் பாட்டன் போட்ட இடத்தில்தான் நங்கூரம் போடுவார்கள். அவள் வேறு வேலையும் செய்திருந்தாள். படகைக் கரையேற்றி ஒரு மாதம் காயவிட்டாள். அடியை உள்ளங்கை வழுக்கும் வரை தேய்த்தாள். கனத்துக்காக உள்ளே போட்டிருந்த ஈயக் கட்டிகளை ஓர் அடி பின்னால் நகர்த்தினாள்.

வெடி வெடித்தது. நங்கூரம் வந்தது, பாய் ஏறியது. காற்று வீசும் பக்கம் நீளப் பலகையைக் கடலுக்கு மேல் தள்ளி, அதில் ஆட்கள் வரிசையாகப் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் கனத்தில்தான் படகு கவிழாமல் நிற்கும். நுனியில் ஹெஸ்ரன். அவள் கணித்தபடி பத்தரைக்குக் காற்று தெற்கே சாய்ந்தது. ஏழு படகும் அதைத் தேடிக் குறுக்கே வந்து சேர்வதற்குள் ராங்கிக்காரி கூப்பிடு தூரம் போய்விட்டது.

கடைசி மிதவையைத் திரும்பும்போது இடிமேகம் அவளுக்குப் பத்துப் படகு நீளம் பின்னால் இருந்தது. பலகையை உள்ளே இழுத்து எல்லாரும் படகுக்குள் வந்தார்கள். வெர்லீன் சுக்கானை இறுக்கிப் பிடித்தாள். சங்கை உடைத்துச் சதை எடுத்து விற்கிற எத்தனையோ பேரில் கரையில் அவளும் ஒருத்தி. சுக்கானைப் பிடித்தால்தான் அவள் வெர்லீன். அதை இழந்து இனி எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சின்னத் தீவு தாண்டியதும் திரும்பிப் பார்த்தாள். இடிமேகத்தின் பின்னால் தண்ணீரில் இரண்டு தலைகள். பத்து நீளம் எட்டாகி, ஏழானது.

ஹெஸ்ரனும் பார்த்தான். அடுத்த நொடி தொப்பென்று ஒரு சத்தம், படகு ஒரு விரற்கடை மேலே எழும்பியது.

"ஒன்பது குதிச்சிட்டான்," என்றான் பாய்க்கயிறு பிடித்திருந்த எல்ரிட்ஜ். "விட்டுடு கேப்டன். மீன் படகு தூக்கிக்கும். யாரு எண்ணப் போறா?"

விட்டுவிடலாம் என்று அவளுக்கும் தோன்றியது. தோன்றியதே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"நான் எண்ணுவேன். தலையைக் குனிங்கடா."

சுக்கானைத் தள்ளினாள். பாயின் அடிக்கட்டை எல்லார் தலைக்கும் மேலே வீசித் திரும்பியது. இடிமேகம் பக்கத்திலேயே கடந்து போனது. கார்னல் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னான்.

ஹெஸ்ரன் தண்ணீரில் மிதந்துகொண்டு கையை ஆட்டி விரட்டினான்.

"எதுக்குத் திரும்பினே? போக்கா, போ."

"ஏறுடா."

"ஏற மாட்டேன். நீ தோத்தா சுக்கானை என் தலையில கட்டிடுவாங்க. எனக்கு வேணாம். எனக்கு ஓட்ட வராதுன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். ஏறு."

"நீ ஜெயிக்கணும்க்கா."

"எட்டுப் பேரோட போய் நின்னா அது ஜெயிச்சதாடா? ரெண்டு வருஷமா திருட்டு திருட்டுன்னு ஊர் பூரா கத்திட்டு இப்ப நானே செய்யவா? நீ ஏறாட்டி நான் இங்கயே சுத்திட்டிருப்பேன். சாயங்காலம் வரைக்கும் சுத்துவேன். என்னைப் பத்தித் தெரியும்ல?"

தெரியும். சின்ன வயதில் ஒரு மாங்காய்க்காக அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததும் தெரியும். ஹெஸ்ரன் நீந்தி வந்தான். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். அவனோடு கால்வாசிக் கடலும் படகுக்குள் வந்தது. மூன்று பேர் வாளியால் இறைக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது இடிமேகம் பதினைந்து நீளம் முன்னால். ஆனால் காற்று முதுகில் அடிக்கும்போது பின்னால் வருகிறவருக்கும் ஒரு சௌகரியம் உண்டு. காற்று முதலில் அவர் பாயைத் தொட்டுவிட்டுத்தான் முன்னால் போகிறவரிடம் போகும். வெர்லீன் இடிமேகத்தின் வாலைப் பிடித்துக்கொண்டாள். கார்னல் இடது பக்கம் போனால் இடது, வலது பக்கம் போனால் வலது. கொஞ்ச நேரத்தில் அவன் பாய் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. இதை எந்த விதியும் தடுக்கவில்லை.

"என் காத்தைத் திருடுறியா?" என்று கத்தினான்.

"காத்து என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

ஐந்து நீளம், மூன்று, ஒன்று. கரையில் மேளமும் மாட்டு மணியும் காதைப் பிளந்தன. இன்னும் பத்து கஜம் இருந்திருந்தால் பிடித்திருப்பாள். இருக்கவில்லை. இடிமேகத்தின் மூக்கு ஒரு கை நீளம் முன்னால் எல்லையைத் தொட்டது.

தோற்ற படகு ஓரமாக ஒதுங்கிப் போவதுதான் முறை. வெர்லீன் ஒதுங்கவில்லை. இடிமேகத்தின் பக்கவாட்டிலேயே ராங்கிக்காரியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எந்திரிங்க எல்லாரும். முதுகைக் கரைக்குக் காட்டுங்க."

"ஒண்ணு," என்றாள். அடுத்தவன் இரண்டு என்றான். கடைசியில் சொட்டச் சொட்ட நின்ற ஹெஸ்ரன், "ஒன்பது," என்றான். பிறகு வெர்லீன் இடிமேகத்தைப் பார்த்து விரலை நீட்டி, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். மூன்று வரை அவள் குரல் மட்டும்தான் கேட்டது. நாலுக்குக் கரையில் மீன் பொரிக்கிற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஏழு என்பதைக் கடற்கரை முழுக்கச் சொன்னது. அதற்கு மேல் சொல்ல அந்தப் படகில் ஆளில்லை.

"எட்டு எங்கய்யா கார்னல்?" என்று மீன் பொரிக்கிற அடுப்புப் பக்கமிருந்து ஒருத்தி கேட்டாள். கார்னல் கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தான்.

நடுவர் ஒலிபெருக்கியில் மூன்று முறை இருமினார். வழக்கம் வழக்கம்தான் என்றும், கப் குரோ ஹில் ஊருக்கு என்றும் சொன்னார். நின்றுபோன மேளம் மறுபடி அடிக்கவில்லை. கார்னல் கப்பை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாகப் போனான்.

லெவிட்டிகஸ் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து கையை நீட்டினார். வெர்லீன் சுக்கான் கட்டையைக் கழற்றினாள். அதை அவரிடம் நீட்டினாள்.

"தோத்துட்டேன். எடுத்துக்கங்க. ஆனா திரும்பினது தப்புன்னு மட்டும் என் வாயால வராது மாமா. நாளைக்கு இதே நடந்தாலும் திரும்புவேன்."

அவர் அதை வாங்கி ஹெஸ்ரனிடம் கொடுத்தார். "இனி நீதான்டா கேப்டன்."

ஹெஸ்ரன் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப படகுல என் பேச்சுதானே?"

"உன் பேச்சுதான்."

"யாரு எங்க உக்காரணும்னு நான்தான் சொல்லணும்?"

"நீதான்."

"கமிட்டி குறுக்க வராதே?"

"கேப்டன் வேலையில கமிட்டி எதுக்குடா வரப்போகுது?"

ஹெஸ்ரன் படகில் ஏறினான். கட்டையை அதன் இடத்தில் மாட்டி, உள்ளங்கையால் ஓங்கித் தட்டி இறுக்கினான். கடற்கரை பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பக் கேட்டுக்கங்க. ஒண்ணாம் நம்பர் சுக்கான் பிடிக்கும். நான் பலகை நுனி. நான் இருக்கிற வரைக்கும் இதான் கேப்டன் உத்தரவு."

லெவிட்டிகஸ் கையை ஆட்டி ஏதோ சொன்னார். மீன் பொரிக்கிற பெண்கள் சிரித்த சிரிப்பில் அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. வெர்லீனுக்கு அழுகை வந்தது. அவள் அதை மறைக்கவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு படகில் ஏறினாள்.

"கேப்டன் சார்," என்றாள். "இன்னொரு தடவை என் படகுலேருந்து குதிச்சே, காலை ஒடிச்சிடுவேன்."

"சரிக்கா," என்றான் கேப்டன்.